கடற்கரையில் ஒரு முதுகு

கோகுல்ராஜுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் பசியல்ல, புதுச்சேரி.

அவனுடைய கூட்டாளிகள் நாலு பேரும் அங்கே கொட்டுகிற மழையில் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். தின்பதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பஜ்ஜிக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஐந்தாவது ஆளாக அவனும் போயிருக்க வேண்டியவன்தான். லீவு கேட்டபோது முதலாளி ஜோஹரா, "மழையும் தண்ணியுமா ஒரு இடம் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள்.

"மழை இருக்கு. தண்ணி இருக்கு. கடல் எங்க மேடம்?" என்றான் கோகுல், சொட்டச் சொட்ட ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டே.

"கேஸுல இருக்கு."

ஜோஹரா பொய் சொல்வதில்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன்மார் தோலைத் தடவித் தரம் சொல்வார்கள், இவள் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். துப்பறியும் தொழிலுக்கு அது போதும் என்று நினைக்கிறவள். கோகுல், அது போதாது என்று நினைக்கிறவன். ஆனால் சம்பளம் கொடுப்பது அவள்.

ஜமுனாமரத்தூருக்கு மேலே அந்தச் சின்ன ஊரில் பழனி வீட்டு வாசலில் நின்றிருந்தான். வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஒல்லியென்றால் அப்படி ஒரு ஒல்லி, சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். உள்ளே அழைத்து உட்கார வைத்து, காபி டம்ளரை இடக்கையால் நீட்டியவன், சட்டென்று தப்பு உணர்ந்து வலக்கைக்கு மாற்றிக் கொடுத்தான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கை அப்படிப் பழகிப் போச்சு."

"காபி எந்தக் கையில வந்தாலும் காபிதான். போட்டோவக் காட்டுங்க" என்றாள் ஜோஹரா.

பழனி கைப்பேசியை நீட்டினான்.

மழையில் ஒரு கடற்கரை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தண்ணீரின் ஓரமாக நிற்கிறார்கள். ஆண் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறான். பெண், இடுப்புக்குக் கீழே தொங்கும் ஈரச் சடையோடு, பாதி திரும்பி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். சாதாரணச் சிரிப்பல்ல. வாயைப் பொத்த மறந்துபோன சிரிப்பு. படத்தின் அடியில், 'இதுமாதிரி ஒருநாள் மறுபடியும் வேணும்' என்று எழுதியிருந்தது.

"என் வூட்டுக்காரி நிவேதா" என்றான் பழனி. "மகளிர் குழுவுல சாமை அரைக்கிற மிஷினுக்கு மூணு நாளு டிரெயினிங்னு திருவண்ணாமலைக்குப் போனா. போன ரெண்டாம் நாளு இதை ஸ்டேட்டஸ்ல வெச்சா. டிவியில பாத்தா புதுச்சேரியில அதே மழை. போன் போட்டு 'யாரு இவன்?'னு கத்தினேன். அதுக்கு அவ 'நல்லா பாரு, யாருன்னு தெரியும்'னு சொல்லி வெச்சுட்டா. ஸ்டேட்டஸையும் எடுத்துட்டா. அதுக்குள்ள நான் ஸ்கிரீன்ஷாட் புடிச்சு வெச்சுட்டேன். ஊருக்கு வந்தவ நேரா அவங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டா."

"இன்னிக்கு சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூட்டியிருக்கீங்களாமே?"

"ஆமாங்க. தீர்த்து வுட்டுடச் சொல்லிட்டேன். அதுக்கு முன்ன இவன் யாருன்னு எனக்குத் தெரியணும். பாருங்க மேடம், எருமை மாதிரி முதுகு. இந்த எருமைகிட்ட அவ இன்னாத்தக் கண்டா? என்னைப் பாத்து ஒரு நாளு இப்படிச் சிரிச்சதில்ல. ஒரு நாளு!"

திருமணத்தைத் தீர்த்துவிடுவது மலையில் ஊர் பெரியவர்கள் கூடி முடிக்கிற காரியம். வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டால் அப்புறம் யார் அழுதாலும் ஒன்றும் ஆகாது. ஜோஹராவுக்கு இருந்தது ஒரு பகல் பொழுது, அதிலும் பாதி மழையில் போய்விட்டது.

"நீங்க அவங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போனதில்லையா?" என்றான் கோகுல். கடல் என்ற சொல்லைச் சொல்லும்போதே அவனுக்கு பஜ்ஜி ஞாபகம் வந்தது.

"கல்யாணமான புதுசுல போனோம்ங்க. அந்தக் கஷ்டத்த ஏன் கேக்குறீங்க? மூணு நாளும் மழை. ரூமுலயே கெடந்து, நனைஞ்சு, ஜுரம் வந்ததுதான் மிச்சம். அதுக்கப்புறம் எவன் போவான்?"

ஜோஹரா படத்தைப் பெரிதாக்கினாள். அந்த ஆள் தலையிலிருந்து முதுகு வரை வெள்ளையாக எதையோ மாட்டியிருந்தான்.

"கோகுல், இது இன்னா?"

"ரெயின்கோட்டு மேடம்."

"ரெயின்கோட்டுல எவன் மாடு படம் போடுவான்?"

கோகுல் குனிந்து பார்த்தான். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. அந்த வெள்ளை முதுகின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பாதி மாடு. மாட்டுத் தீவனம் வருகிற பிளாஸ்டிக் சாக்கு. அதன் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் கூம்பு மாதிரி ஆகும். தலையில் கவிழ்த்துக்கொண்டால் மழைக்கு முதுகு நனையாது. மலையில் மழைக்காலம் முழுக்க அத்தனை பேர் தலையிலும் இருப்பது அதுதான்.

"ஊர் சுத்த வந்தவன் குடை வாங்குவான், இல்லன்னா நனைவான்" என்றாள் ஜோஹரா. "மழை வந்ததும் கை தானா சாக்கைத் தேடுதுன்னா, அவன் காட்டுல வேலை செஞ்சு பழகினவன். பழனி, இந்தத் தீவனம் இங்க யார் வூட்டுல வாங்குறாங்க?"

"எல்லார் வூட்லயும் இதாங்க." சொல்லிவிட்டுப் பழனி அப்படியே நின்றான். அடுத்த கணம் அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்போ இவன் எங்க மலைக்காரன்! நவீன்குமாரு! மெக்கானிக் கடை வெச்சிருக்கான். எனக்கு முன்ன அவன்தான் அவளைப் பொண்ணு கேட்டான். அவ டிரெயினிங் போன மூணு நாளும் கடையச் சாத்திட்டு எங்கியோ போயிருந்தான். முதுகும் இதே அகலம்!"

"கூட்டத்துக்கு முன்ன அவன் கடைப் பக்கம் போவாதீங்க. போனா நான் கேஸை விட்டுடுவேன்" என்று ஜோஹரா எழுந்தாள்.

வெளியே மழை வலுத்திருந்தது. பழனி கோபத்திலும் மரியாதை தவறாதவன். கொட்டகையிலிருந்து ஒரு சாக்கை உதறி, மடித்து, கோகுலின் தலையில் மாட்டிவிட்டான். ஜோஹராவிடம் குடை இருந்தது.

கோகுல் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டான். மடித்ததில் மாட்டின் பின்பாதி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மேடம், எனக்கு வால் முளைச்சிருச்சு."

"அது முந்தியே இருந்ததுதான். நட."

நிவேதா அம்மா வீட்டில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொடும் முடியை ஒரு கிளிப்பில் அடக்கியிருந்தாள். அவள் அம்மா மாணிக்கம்மாள், ஜோஹராவைக் கண்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

"அந்த ஆளு யாருன்னு கேக்க வந்திருக்கீங்க" என்றாள் நிவேதா, முறத்தை நிறுத்தாமல்.

"இல்ல. மழையில கடல் எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

முறம் நின்றது.

நிவேதா ஜோஹராவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று மடித்து வைத்திருந்த எதையோ மெல்லப் பிரித்தாள். "ரெண்டு நாளு ரூம் ஜன்னல் வழியா மழையவே பாத்துட்டு இருந்தேங்க. அழுகையா வந்துச்சு. மூணாம் நாளு அவரு திடீர்னு எழுந்து, 'மழைக்கு பயந்தா நாம மலைக்காரங்களா? வா'ன்னு கையப் புடிச்சு இழுத்தாரு. வெளிய வந்தா கடற்கரையில ஒரு ஆளு இல்ல. மொத்தக் கடலும் எங்களுக்குத்தான். மழை எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. ஒரு அம்மா தார்ப்பாய்க்கு அடியில மீன் வறுத்துனு இருந்தாங்க. காரம்னா காரம். கண்ணுல தண்ணி வருது, அது மழையா காரமான்னு அவரு கேக்குறாரு. அந்த அம்மாதான் என் போன வாங்கி இந்தப் படத்த எடுத்தாங்க."

கோகுலுக்கு எச்சில் ஊறியது. கூடவே பொறாமையும் ஊறியது. அவனுடைய கூட்டாளிகள் அனுப்பிய அத்தனை படமும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"அவரு பேரு?" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

"சாயங்காலம் தீர்த்து வுட்டுடுவாங்கம்மா."

"வுடட்டும்." முறம் மறுபடி வேகமாக ஆடத் தொடங்கியது. "அந்த ஆளை அப்புறம் நான் பாக்கவே இல்லீங்க. இவரு கண்ணு முன்னாலதான் படம் கீது. கண்ணு இருக்கிறவரு கண்டுபிடிக்கட்டும்."

வெளியே வந்ததும் கோகுல் தலையைச் சொறிந்தான். "தப்பு செஞ்ச பொம்பளை அழணும், இல்லன்னா பொய் சொல்லணும். இவங்க என்னடான்னா கோபப்படுறாங்க."

"ரொம்ப நேரம் கழிச்சு இப்பதான் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்க" என்றாள் ஜோஹரா. வேறொன்றும் சொல்லவில்லை.

நவீன்குமாரின் கடை சாலையோரத் தகரக் கொட்டகை. அவன் ஒரு பைக்கின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தான். அகலமான முதுகுதான், பழனி சொன்னதில் தப்பில்லை.

"போன வாரம் மூணு நாளு கடையச் சாத்திட்டு எங்க போயிருந்தீங்க?" என்றாள் ஜோஹரா.

"வேலூருக்கு. அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. மொட்டையடிச்ச கொழந்தைய மடியில வெச்சுனு குந்தினது நான்தான். வீடியோ காட்டட்டுமா?" காட்டவும் செய்தான். குழந்தை வீறிட்டு அழுதது, நவீன்குமார் அதைவிடப் பயந்து போயிருந்தான்.

ஜோஹரா பதிலுக்குத் தன் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். நவீன்குமார் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். முதலில் அவன் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் துளியும் இல்லை.

"இந்த ஆளைத்தான் பழனி தேடுறானா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பத்தாவது வரைக்கும் எனக்கு முன் பெஞ்சுல குந்தினு போர்டை மறைச்ச முதுகு."

"பேரைச் சொல்லுங்க."

"மாட்டேன்." நவீன்குமார் படத்திலிருந்து கண்ணை எடுத்தான். "நானும் ஒரு காலத்துல அந்தப் பொண்ணைக் கேட்டவன்தாங்க. இவனைப் பாத்துப் பொறாமைப்படாத நாளு கெடையாது. இப்ப பழனியும் கொஞ்சம் வேகட்டும். என்னால முடிஞ்சது இவ்ளோதான்."

"உங்களுக்கே வெக்கமா இல்ல?" என்றான் கோகுல்.

"இருக்குது. ஆனா அதைவிட வயித்தெரிச்சல் ஜாஸ்தியா இருக்குது."

நேர்மையான ஆள். கோகுலுக்கு அவனைப் பிடித்துவிட்டது, தன் இனத்தானைப் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குள் கோகுலின் தலையிலிருந்த சாக்கு பிரிந்து தோளில் விழுந்திருந்தது. நவீன்குமார் அதைப் பிடுங்கி, "இன்னா மடிப்பு இது" என்று முணுமுணுத்து, படம் மேலே தெரிய விரித்து உதறி, மூலைக்குள் மூலையைத் தள்ளி மறுபடி மாட்டிவிட்டான்.

கோகுல் நடந்தான். பின்னால் வந்த ஜோஹரா திடீரென்று நின்றுவிட்டாள். குடை காற்றில் மடங்கியது. அவள் கவனிக்கவில்லை. பழனி அனுப்பியிருந்த படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, ஒருமுறை படத்தையும் ஒருமுறை கோகுலின் முதுகையும் பார்த்தாள்.

"கோகுல், உன் வாலு எங்க?"

"போச்சு மேடம். இப்ப மாட்டுத் தலை வந்திருக்கு. அதே சாக்குதான், என்ன மாயமோ."

ஜோஹரா சிரிக்க ஆரம்பித்தாள். நடுரோட்டில், நனைந்துகொண்டே, தனியாகச் சிரிக்கிற முதலாளியைப் பார்க்க கோகுலுக்குச் சம்பளத்தைப் பற்றிக் கவலை வந்தது.

சாயங்காலம் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. ஊர் பெரியவர் கோபால்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பழனி, எதிர்ப்பக்கம் அம்மாவோடு நிவேதா. ஓரத்தில் நவீன்குமாரும் வந்து நின்றான். வந்தவர்கள் எல்லாரும் சாக்கு மாட்டியிருந்தார்கள், கொட்டகைக்குள்ளும் பலர் கழற்றவில்லை. தட்டில் வெற்றிலை தயாராக இருந்தது.

"காரணம் சொல்லுப்பா" என்றார் கோபால்சாமி.

பழனி வாயைத் திறப்பதற்குள் ஜோஹரா முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு நிமிஷம். இவர் மனைவியோட கடற்கரையில நின்ன ஆளு யாருன்னு கண்டுபிடிக்கத்தான் என்னை வரச் சொன்னாரு. கண்டுபிடிச்சுட்டேன். அவரு இந்தக் கொட்டகையிலதான் இருக்காரு."

பழனி துள்ளி எழுந்தான். அவன் கண் நவீன்குமாரைக் குத்தியது. "எனக்குத் தெரியும்!"

"உங்களுக்குத் தெரியாது. அதான் பிரச்சினையே. பழனி, எனக்குக் குடை ஒடைஞ்சு போச்சு. ஒரு சாக்கு மடிச்சுக் குடுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

பழனி பல்லைக் கடித்துக்கொண்டு, மூலையில் கிடந்த ஒரு சாக்கை எடுத்து, படம் மேலே தெரிய உதறி, விறுவிறுவென்று மடித்துக் கொடுத்தான். ஜோஹரா அதைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"கோகுல், என் முதுகுல இன்னா தெரியுது?"

"வால் மேடம்."

"மத்தவங்க முதுகுல?"

கோகுல் கொட்டகையைச் சுற்றி வந்தான். கோபால்சாமி முதுகிலும் தலை. நவீன்குமார் முதுகிலும் தலை. சாக்கைக் கழற்றாதவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் முதுகிலும் மாடு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"வலக்கைக்காரங்க வலது மூலையை இடது மூலைக்குள்ள தள்ளுவாங்க. இடது பாதி வெளிய நிக்கும், மாட்டுக்குத் தலை தெரியும்" என்றாள் ஜோஹரா. "இடக்கைக்காரர் மடிச்சா திரும்பிடும். இப்ப அந்தப் போட்டோவப் பாருங்க."

கோகுல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். சாம்பல் நிறக் கடலைப் பார்த்து நின்ற அந்த அகல முதுகில், மழையில் நனைந்து, ஒரு மாட்டின் வால் தொங்கிக்கொண்டிருந்தது.

பழனி படத்தையே பார்த்தான். "ஊர்ல வேற இடக்கைக்காரன் இருப்பான்" என்றான். குரலில் முன்பிருந்த சூடு இல்லை. "இவன் எருமை மாதிரி கீறான். நான் எப்படிங்க…"

"மஞ்சக்காமாலை வந்து படுக்கறதுக்கு முன்னாடி நீ எப்படி இருந்த?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள். "கல்யாணத்துக்கு எடுத்த சட்டை பத்தலன்னு மேடையிலயே தையல் பிரிச்சோமே, மறந்துட்டியா மாப்ள?"

"இது போன வாரம் எடுத்த படம்" என்று பழனி பிடிவாதமாகச் சொன்னான். பிடிவாதம் மட்டும்தான் அவனிடம் மிச்சமிருந்தது.

ஜோஹரா சாக்கைக் கழற்றினாள். "பழனி, இந்தப் படத்த எத்தினி தடவை பாத்திருப்பீங்க?"

"கணக்கே இல்லீங்க. தூக்கமே இல்லாம பாத்தேன்."

"அந்த ஆளையே பாத்தீங்க. அவன் முதுகு, அவன் அகலம், அவன் யாரு, எங்கிருந்து வந்தான். பக்கத்துல நிக்கிறவங்கள ஒருதடவைகூடப் பாக்கல. இப்ப பாருங்க. அவங்க சடைய பாருங்க."

பழனி பார்த்தான். இடுப்புக்குக் கீழே தொங்கிய ஈரச் சடை. மெல்லத் தலையை நிமிர்த்தி எதிரே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். தோளோடு நின்ற முடி. நிவேதாவின் கை தன்னையறியாமல் அந்தக் கிளிப்பைத் தொட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் நினைவில்லாமல் கிடந்தபோது, எழுந்து வந்தால் போதுமென்று நேர்ந்துகொண்டு அவள் கோயிலுக்குக் கொடுத்த சடை அது. ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். பொறாமைக்கு மட்டும் தெரியவில்லை.

"கடலுக்குப் போன அந்த மூணு நாளும் ரூமுலயே கெடந்தோம்னுதான் எனக்கு ஞாபகம்" என்றான் பழனி. "சாக்கு மாட்டினது ஞாபகம் இல்ல. தெனம் மாட்டுறேன், எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறது? நிவேதா… நீ என்னைப் பாத்து இப்படிச் சிரிச்சதே இல்லியே."

"சிரிச்சேன்." அவள் கண் விலகவில்லை. "நீதான் கடலைப் பாத்துனு நின்ன. முதல் முதலா கடலைப் பாத்த கொழந்தை மாதிரி நின்ன. எனக்கு அதைப் பாத்துதான் சிரிப்பு வந்துச்சு. டிரெயினிங்ல மழை வந்துச்சு, ஞாபகம் வந்துச்சு, போட்டேன். நீ பாத்துட்டு 'போலாமா'ன்னு கேப்பேன்னு காத்துனு இருந்தேன். நீ 'யாரு இவன்'னு கேட்ட."

கோபால்சாமி வெற்றிலைத் தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப இப்ப யார்கிட்டருந்து யாரை தீர்த்து வுடறது?"

"ஐயா, இருங்க" என்று நிவேதா எழுந்தாள். "கூட்டம் கூட்டினது இவரு. யாரு அவன்னு ஊர் முன்னால கேக்கத்தான் கூட்டினாரு. இவரே சொல்லட்டும். யாரு அவன்?"

பழனி எழுந்து நின்றான். இந்த வாரம் முழுக்க அவன் கொல்லக் காத்திருந்த ஆள் அவன் தொண்டையில் வந்து நின்றான்.

"நான்தாங்க" என்றான்.

முதலில் சிரித்தது நவீன்குமார். அப்புறம் கொட்டகையே சிரித்தது. பழனி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியதும் மனைவியின் பக்கம் போய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். கோகுல் பக்கத்தில் நின்றதால் அவனுக்கும் கேட்டுவிட்டது.

"அவன பாத்தா எனக்கு இப்பவும் வயிறு எரியுது."

"எரியட்டும். எனக்கும் அவனைத்தான் புடிக்கும். அவனை இட்டுனு வா, அப்ப வூட்டுக்கு வர்றேன்."

"எங்க போய் இட்டுனு வர்றது?"

"விட்ட எடத்துலதான் இருப்பான். மழை வுடறதுக்குள்ள போவணும். வெயில்ல எனக்கு வேணாம்."

பழனி குனிந்து இரண்டு சாக்கை எடுத்தான். ஒன்றை மடித்து அவள் தலையில் மாட்டினான், முடி நனையாமல் முன்னால் இழுத்துவிட்டான். இன்னொன்றைத் தான் போட்டுக்கொண்டான். இருவரும் கொட்டகையை விட்டு இறங்கி நடந்தார்கள். மழைக்குள் இரண்டு மாட்டு வால்கள் பக்கம் பக்கமாகப் போவது வளைவு வரை தெரிந்தது.

கோகுலின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இன்னொரு பஜ்ஜி வந்திருக்க வேண்டும். அவன் எடுத்துப் பார்க்கவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா கோகுல், இன்னும் வயிறு எரியுதா?" என்றாள் ஜோஹரா.

"எரியுது மேடம்" என்றான் அவன். "ஆனா இப்ப புதுச்சேரியால இல்ல."